ஸ்கோப்போட பொசிஷன் நாப்ப மாத்தி பொட்டென்ஷியோமீட்டர் போடலாமா?

கேள்வி: செகண்ட்ஹேண்ட்ல ஒரு 4 சேனல், 50 மெகாஹெர்ட்ஸ் பட்ஜெட் ஸ்கோப் (ஆஸிலோஸ்கோப், மின் சிக்னல ஸ்கிரீன்ல அலையா வரைஞ்சு காட்டுற கருவி) வாங்கினேன். மத்ததெல்லாம் ஓகே, ஆனா ட்ரேஸ, அதாவது ஸ்கிரீன்ல வர்ற அலைக்கோட்ட, மேல கீழ நகத்துற வெர்டிகல் பொசிஷன் நாப் டிக் டிக்னு தட்டித் தட்டித்தான் சுத்துது. சில சமயம் வலது பக்கம் திருப்பினா ட்ரேஸ் மேல போகாம கீழ குதிக்குது. இதைக் கழட்டிட்டு, ஆம்ப்ளிஃபயர் வால்யூம் மாதிரி நைஸா சுத்துற பொட்டென்ஷியோமீட்டர் போட்டு மேல பெரிய அலுமினிய நாப் மாட்டலாமா?

பதில்: பெரிய நாப் மாட்டலாம், நைஸா சுத்தவும் வைக்கலாம், ஆனா பொட்டென்ஷியோமீட்டர் மட்டும் வேணாம். பழைய அனலாக் ஸ்கோப்ல அந்த இடத்துல நிஜமாவே பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமா பாட்) தான் இருந்துச்சு. இப்ப வர்ற டிஜிட்டல் ஸ்கோப்ல இருக்கறது ரோட்டரி என்கோடர். அதுக்கு ஆரம்பமும் முடிவும் கிடையாது, எவ்வளவு வேணா சுத்திக்கிட்டே போகும், உள்ள ஏ, பி, காமன்னு மூணு கால், ஏ-வும் பி-யும் ஒண்ணுக்கொண்ணு 90 டிகிரி தள்ளி ஆன் ஆஃப் ஆகுற ரெண்டு சுவிட்ச், அவ்வளவுதான். எது முதல்ல மாறுதுங்கறத வெச்சு எந்தப் பக்கம் சுத்துறீங்கன்னு ஃபர்ம்வேர் (ஸ்கோப்புக்குள்ள ஓடுற புரோகிராம்) கண்டுபிடிக்குது. பாட் போட்டீங்கன்னா அதுக்கு ஒண்ணுமே புரியாது.

எதிர்ப்பக்கம் குதிக்கறதுக்குக் காரணமும் இதுலயே இருக்கு. ஒரு கான்டாக்ட்ல அழுக்கோ தேய்மானமோ வந்துட்டா ஒரு மாற்றம் ஃபர்ம்வேர் கண்ணுல படாமலே போயிடும், அடுத்து வர்றதப் பாத்துட்டு இவர் இடது பக்கம் சுத்துறாருன்னு அது முடிவு பண்ணிடும். அதனால புது பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்குங்க. பவர் கேபிள உருவிட்டு, நாப்ப மட்டும் நேரா இழுத்து எடுங்க (ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, பேனல்ல வடு விழும், ஒரு துணி நாடாவ அடியில சுத்தி இழுத்தா வந்துடும்), ஷாஃப்ட் உள்ள போற இடத்துல கொஞ்சமே கொஞ்சம் விட்டு ரெண்டு பக்கமும் நல்லா சுத்துங்க, காய விட்டு ஆன் பண்ணுங்க. நீலக் கலர் டப்பால வர்ற சாதா டபிள்யூடி-40 வேணாம், அது எண்ணெய்ப் பசைய விட்டுட்டுப் போகும். குதிக்கற பிரச்சினை இதுலயே தீர்ந்துட வாய்ப்பு அதிகம்.

அப்புறமும் டிக் டிக் பிடிக்கலைன்னா அது டீடென்ட், உள்ள பல்லு மேல ஏறி இறங்குற ஒரு சின்ன தகடு ஸ்பிரிங். என்னக் கேட்டா எல்லா நாப்லயும் இத எடுக்காதீங்க. வோல்ட்ஸ் பர் டிவிஷன் (ஸ்கிரீன்ல ஒரு கட்டம் உயரத்துக்கு எத்தனை வோல்ட்), டைம் பேஸ் (ஒரு கட்டம் அகலத்துக்கு எவ்வளவு நேரம்) ரெண்டும் 1-2-5னு படிப்படியா மாறறது, ஒரு டிக்குக்கு ஒரு படின்னு கைக்குத் தெரியணும், ஸ்கிரீனப் பாக்காமலே மாத்தலாம். பொசிஷனும் ட்ரிக்கர் லெவலும் (சிக்னல் எந்த வோல்ட்டத் தொடும்போது படம் ஆரம்பிக்கணும்னு வைக்கறது)தான் நைஸா ஓட வேண்டியது, அந்த ரெண்டை மட்டும் தொடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். கடைல என்கோடர்னு கேட்டா கைக்குக் கிடைச்சத எடுத்துக் குடுப்பாங்க, எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா ஒரு சுத்துக்கு எத்தனை பல்ஸ், எத்தனை டிக்குங்கறது மாடலுக்கு மாடல் மாறும். 24 பல்ஸ் 24 டிக் இருக்கும், 20க்கு 20 இருக்கும், 15 பல்ஸுக்கு 30 டிக்கும் இருக்கும். ஃபர்ம்வேர் ஒரு முழு பல்ஸுக்கு ஒரு படின்னு எண்ணுற ஸ்கோப்ல அந்தக் கடைசி வகையப் போட்டா ரெண்டு டிக்குக்கு ஒரு தடவைதான் நகரும். அதனால பழசக் கழட்டினதும் மல்டிமீட்டர கன்டினியூட்டில வெச்சு ஏ-க்கும் காமனுக்கும் நடுவுல பிடிச்சு ஒரு முழு சுத்து சுத்துங்க, எத்தனை தடவ பீப் வருதோ அதுதான் பல்ஸ். டிக்க கையாலயே எண்ணிடலாம்.

போர்ன்ஸ் கம்பெனியோட பிஇசி11ஆர் சீரிஸ்ல டீடென்ட் இல்லாததே வருது, பிஇசி11ஆர்-4015எஃப்-எஸ்0024னு தேடுங்க: 15 எம்எம் ஷாஃப்ட், ஒரு பக்கம் தட்டை, 24 பல்ஸ், கடைசிப் பகுதில முதல்ல வர்ற எஸ் அமுக்கற சுவிட்சுக்கு. சுவிட்ச் இல்லாதத வாங்கிடாதீங்க, நிறைய ஸ்கோப்ல பொசிஷன் நாப்ப அமுக்கினா ட்ரேஸ் ஜீரோவுக்கு வர்ற வசதி இருக்கு, அது போயிடும். கால் இடைவெளியும் ஷாஃப்ட் நீளமும் உங்க போர்டோட ஒத்துப்போகுதான்னு பழசப் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டே ஆர்டர் பண்ணுங்க.

காசு செலவு பண்ண வேணாம்னா பழசோட மேல் தகடுல இருக்கற காதுகள மெல்ல நிமித்தி, அந்த ஸ்பிரிங்ல இருக்கற மேட்ட மட்டும் தட்டையாக்கிடலாம். முழுசா எடுத்துட்டா சிலதுல ஷாஃப்ட் லொடலொடன்னு ஆயிடும். ஒரு சின்ன ஆபத்து என்னன்னா, டிக் இல்லாத என்கோடர் எங்க வேணா நிக்கும், கான்டாக்ட் மாறுற விளிம்புல சரியா நின்னுச்சுன்னா ட்ரேஸ் ஒரு படி மேல கீழ ஆடலாம். ஏ-லயும் பி-லயும் காமனுக்கு 10 நானோஃபாரட் கப்பாசிட்டர் போட்டா (ஏற்கெனவே போர்டுல இருக்கான்னு பாத்துட்டு) அந்த ஆட்டம் குறையும். நல்லதுதானேன்னு 1 மைக்ரோஃபாரட் போட்டுடாதீங்க. செகண்டுக்கு ரெண்டு சுத்து சுத்தினா 24 பல்ஸ் என்கோடர்ல ஒவ்வொரு நிலையும் கிட்டத்தட்ட 5 மில்லிசெகண்ட்தான் நிக்கும், 10 கே புல்-அப்போட (காலை ப்ளஸ் சப்ளைக்கு இழுத்து வைக்கிற ரெசிஸ்டர்) 1 மைக்ரோ சேந்தா டைம் கான்ஸ்டன்ட், அதாவது கப்பாசிட்டர் நிறைய எடுக்கற நேரத்தோட அளவு, 10 மில்லிசெகண்ட், அப்புறம் வேகமா சுத்தினா ஒண்ணுமே பதியாது.

கழட்டும்போது ரெண்டு எச்சரிக்கை. உள்ள பவர் சப்ளைல இருக்கற பெரிய கப்பாசிட்டர்ல நம்ம 230 வோல்ட் லைனுக்கு கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசி நிக்கும், ப்ளக்க உருவினதும் உடனே இறங்கிடும்னு நம்பாதீங்க, மீட்டர்ல அளந்துட்டு கைய வைங்க. இன்னொண்ணு, என்கோடரோட ரெண்டு பக்க காதும் பெரிய கிரவுண்ட் காப்பரோட சேந்திருந்தா சூட்டையெல்லாம் அது இழுத்துக்கும், மேல கொஞ்சம் 63/37 ஈயம் (தகரமும் ஈயமும் கலந்த சால்டர்) சேத்து உருக்கினா சுலபமா வரும். பழசு வேணாம்னு முடிவு பண்ணிட்டா கால்கள வெட்டிட்டு ஒவ்வொண்ணா எடுக்கறதுதான் போர்டுக்கு நல்லது, வேகமா இழுத்தா பேட் (போர்டுல கால் ஒட்டியிருக்கற காப்பர் வட்டம்) சேந்து உரிஞ்சு வந்துடும்.

அலுமினிய நாப் வாங்கறப்போ 6 எம்எம் ஓட்டை, ஷாஃப்ட் தட்டையா இல்ல பல்லு வெச்சதான்னு பாத்து வாங்குங்க. பக்கத்து நாப்புக்கு நடுவுல விரல் போற இடம் வேணும், அதனால பெருசுன்னா ரொம்பப் பெருசு வேணாம். ரொம்ப கனமானதும் வேணாம், எங்கயாவது இடிச்சா அந்த அடி முழுசா என்கோடர் காலுக்குத்தான் போகும். ரைகோல் டிஎஸ்1054இசட் மாதிரி நாலு சேனலுக்கும் ஒரே ஜோடி நாப் இருக்கற ஸ்கோப்பா இருந்து, சேனலுக்கு ஒரு நாப் வேணும்னு தோணுச்சுன்னா பெட்டியத் திறக்கவே வேணாம், லேன் கேபிள் வழியா எஸ்சிபிஐ (அளவுக் கருவிகளுக்கு எழுத்துல அனுப்புற கட்டளை மொழி) கமாண்ட் அனுப்பி பொசிஷன மாத்தலாம், ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்க குட்டி கம்ப்யூட்டர்)-யும் நாலு என்கோடரும் போதும்.