யுடிஆரில் பட்டா பெயர் மாறிவிட்டால் நிலம் போய்விடுமா?

தாத்தா 1968-ல் கிரயம் வாங்கி இன்று வரை நீங்களே உழுது வரும் நிலத்துக்குக் கணினிப் பட்டாவில் பக்கத்துக்காரர் பெயர் இருக்கிறது, அவர் இப்போது விற்கப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பதற வேண்டாம். பட்டா வருவாய்க் கணக்குதான், கிரயப் பத்திரத்தை அது ரத்து செய்யாது. யுடிஆர், அதாவது அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம், நடந்த சமயத்தில் பழைய சர்வே எண்களை உட்பிரிவு செய்தபோது இந்த மாதிரி பெயர் தாவியது பல ஊர்களில் நடந்ததுதான்.

முதலில் பத்திரத்தில் உள்ள நான்கு எல்லையைப் படியுங்கள். ‘வண்டிப்பாதைக்கு மேற்கு, இன்னார் கிணற்றுக்குத் தெற்கு’ என்று இருக்கும். அதை இன்றைய புலப்படத்தோடு ஒப்பிட்டால் எந்த உட்பிரிவில் குழப்பம் என்று தெரிந்துவிடும். அப்புறம் யுடிஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டு (எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கு) நகல், 1968 முதல் வில்லங்கச் சான்று, பழைய தீர்வை ரசீது, அடங்கல் (பயிர்க் கணக்கு) எல்லாம் சேருங்கள். யுடிஆர் தவறைத் திருத்தக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். கிராம நிர்வாக அலுவலர் வாய்ப்பேச்சாக “பார்த்துக்கலாம்” என்றால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

விற்பனை நெருங்கிவிட்டதென்றால் மனு மட்டும் போதாது. உரிமை விளம்புகை (நிலம் உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது), நிரந்தரத் தடை இரண்டும் கேட்டு சிவில் கோர்ட்டில் வழக்குப் போடுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அது. சரி, பக்கத்துக்காரர் வேலி போட வந்தால்? கைகலப்பு வேண்டாம், போட்டோ எடுத்து வையுங்கள். நிலம் உங்கள் அனுபவத்தில் இருப்பதுதான் இப்போதைக்குப் பெரிய பலம், ஒரு போகம்கூட தரிசாக விடாதீர்கள்.