இலையுதிர்காலத்தில் ஏரிக்கரைக்கு அரிய பறவைகள் வருவது ஏன்?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஓர் ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்து வருகிறேன். வசந்தகாலத்தில் வழக்கமானவையே வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் 'மிக அரிது' என்று கையேட்டில் குறிக்கப்பட்ட பறவைகள் ஒன்றிரண்டு தென்படுகின்றன. இதற்குக் காரணம் என்ன? நான் கண்டதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, என்ன செய்யலாம்?

பதில்: இலையுதிர்காலத்தில் வலசை போகும் பறவைகளில் பெரும்பங்கு அவ்வாண்டில் பொரித்த இளம் பறவைகள் என்பதே முதற்காரணம். நீர்க்கரைச் சேற்றில் இரை தேடும் உள்ளான் இனங்கள் பலவற்றில் பெற்றோர் முன்னரே கிளம்பிவிட, சில வாரங்கள் கழித்து இளம் பறவைகள், ஒருமுறைகூடப் பார்த்திராத பாதையில், வழிகாட்ட மூத்தவை எதுவுமின்றிப் புறப்படுகின்றன. பறக்க வேண்டிய திசை அவற்றுக்குப் பிறவியிலேயே தெரியும் என்றாலும், அந்த உணர்வில் சிறு பிசகு நேர்ந்தாலோ பக்கக்காற்று வலுத்தாலோ பல நூறு கிலோமீட்டர் விலகிப்போய்விடுகின்றன.

அப்படி விலகியவை உங்கள் கண்ணில் படுவதற்கு ஏரியே துணை செய்கிறது. இரவில் பறக்கும் சிறு பறவைகள் பொழுது விடியும்போது நீர்ப்பரப்பின் மேல் இருந்தால், கரையை நோக்கித் திரும்பி, முதலில் எதிர்ப்படும் புதரிலேயே களைத்து இறங்குகின்றன. பெரிய ஏரிகளில் காற்றும் பங்கெடுக்கிறது. வட அமெரிக்காவின் மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 490 கிலோமீட்டர் நீளமுடையது. வடகாற்று பலமாக வீசும் இலையுதிர்கால நாள்களில், ஆர்க்டிக் பகுதியில் முட்டையிட்டுக் கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும் ஸ்குவா என்னும் கடற்பறவைகள் அதன் தென்கோடிக் கரையருகே வந்து, மற்ற நீர்ப்பறவைகளைத் துரத்தித் துரத்தி, அவை பிடித்த மீனைப் பறித்துக்கொள்வதைக் காணலாம்.

நம்பகத்தன்மை பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால், அரிது என்று தோன்றுவதில் பெரும்பாலானவை, பழகிய பறவைகள் பழகாத இறகுடையில் நிற்பவையே என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் கையேட்டைப் பிரிப்பதற்கு முன்பே குறிப்பெழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்துவிட்டால் அதிலுள்ளதையே கண்டதாக மனம் நம்பத் தொடங்கிவிடும். அருகில் நிற்கும் தெரிந்த பறவையைவிடப் பெரிதா, சிறிதா, அலகு தலையின் நீளத்தை மிஞ்சுகிறதா, கால் என்ன நிறம், பறக்கும்போது இறக்கையில் வெண்கோடு தெரிந்ததா, எப்படிக் குரல் கொடுத்தது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பவை முக்கியம். முதுகைத் தவறாமல் பாருங்கள்: இளம் உள்ளானின் முதுகிறகுகள் ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு கட்டி, மீன்செதில் அடுக்கியதுபோல் புத்தம் புதிதாக இருக்கும், மூத்தவற்றின் இறகுகளோ அந்நேரத்தில் தேய்ந்து மங்கியிருக்கும். வயது தெரிந்தால் இனத்தை உறுதி செய்வது பாதி முடிந்ததுபோல்தான்.

மங்கலான ஒரு புகைப்படம்கூட உங்கள் சொல்லுக்கு வலுச் சேர்க்கும். அதற்காக நெருங்கிச் செல்ல வேண்டாம். சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும் அப்பறவை அடுத்த இரவுப் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் வீணாகிறது. படத்தையும் குறிப்பையும் 2002-இல் தொடங்கப்பட்ட, பறவை பார்ப்போர் தாம் கண்டவற்றைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் அன்றே பதிவு செய்யுங்கள். அரிய இனங்கள் அங்கே அனுபவமுள்ளவர்களின் பரிசீலனைக்குச் செல்லும்.