சிக்னல் மாதிரி பாதுகாப்பான மெசேஜ் ஆப்களுக்கு ஸ்டிக்கர், ஜிஃப், ஸ்டேட்டஸ் எல்லாம் எதற்கு? ரகசியம் காத்தால் போதாதா?

போதாது. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் பாதுகாப்பில் ஓட்டை விழாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிலதில் விழும், சிலதில் விழாது. ஸ்டிக்கரைச் சந்தேகப்படுகிறவர்கள் பெரும்பாலும் தப்பான ஆளைப் பிடிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வேலூர் தோட்டப்பாளையத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். புரோகிராம் எழுதத் தெரியாது, ஆனால் ஜனங்கள் ஃபோனை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று தெரியும். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய பிரைவசி விதிகளை ஒத்துக்கொள்ளச் சொல்லி அறிவிப்பு அனுப்பியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது "அண்ணா, சிக்னல் போட்டுக் குடு" என்று வந்தவர்கள் ஏராளம். ரம்ஜான் வருவதற்குள் அதே ஃபோன்கள் சார்ஜிங் பின், பேட்டரி என்று கடைக்குத் திரும்பின. அவர்களே திறந்து காட்டுவார்கள். சிக்னலில் ஒரு ஹாய், ஒரு டெஸ்ட், அதோடு சரி. ஆரணியில் இருக்கிற பெரியம்மாவின் குட்மார்னிங் பூப்படமும் மச்சான் அனுப்பும் வடிவேலு ஸ்டிக்கரும் பழைய இடத்திலேயே வந்துகொண்டிருந்தன. ஆள் இல்லாத இடத்தில் யாரோடு ரகசியம் பேசுவது?

சிக்னல்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. 2019 டிசம்பரிலேயே ஸ்டிக்கர் கொண்டுவந்துவிட்டார்கள். 2021 கூட்டத்தைப் பார்த்ததும் சாட் வால்பேப்பர், அசையும் ஸ்டிக்கர் என்று சேர்த்தார்கள். 'இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு' என்று அப்போது நக்கலடித்த காலேஜ் பையன்களோடு எனக்கு வாக்குவாதமே நடந்தது. மறைக்க விஷயம் உள்ளவன் மட்டும் வைத்திருக்கிற ஆப் என்றால், ஃபோனில் அந்த ஐகான் இருப்பதே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறந்தநாள் வாழ்த்தும் பூப்படமும் ஓடுகிற ஆப்பில்தான் ஒரு முக்கியமான செய்தியும் கண்ணில் படாமல் போய்ச் சேரும். ஸ்டிக்கரும் ஒரு விதத்தில் பாதுகாப்பு அம்சம்தான் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

ஓட்டை விழுமா என்பது செய்கிற விதத்தைப் பொறுத்தது. சிக்னலில் ஸ்டிக்கர் கட்டு முழுவதும் என்கிரிப்ட் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே, சர்வரில் கிடக்கிறது. அதைத் திறக்கும் சாவி உங்கள் செய்திக்குள் போகிறது. நீங்கள் அனுப்பியது அழுகிற பூனையா சிரிக்கிற பூனையா என்று சர்வருக்குத் தெரியாது. ஜிஃப் தேடுவதில் இன்னும் கொஞ்சம் சாமர்த்தியம் இருக்கிறது. ஜிஃப் கொடுக்கும் நிறுவனத்திடம் உங்கள் ஃபோன் நேராகப் போவதில்லை, சிக்னல் சர்வர் நடுவில் நின்று வாங்கிக்கொடுக்கிறது. ஜிஃப் நிறுவனத்துக்குத் தேடிய வார்த்தை தெரியும், தேடியது யார் என்று தெரியாது. சிக்னலுக்குத் தேடுவது யார் என்று தெரியும், வார்த்தை தெரியாது. லிங்க் அனுப்பினால் கீழே ஒரு சின்னப் படம் வருகிறதே, அதையும் அனுப்புகிறவர் ஃபோனே தயார் செய்து அனுப்பிவிடுகிறது. வாங்குகிறவர் அந்த லிங்க்கைத் தொடாதவரை அவர் ஃபோன் அந்தத் தளத்தின் பக்கமே போவதில்லை.

ஆக, செய்யலாம். நாள்தான் பிடிக்கும். குரூப் அட்மின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அது முன்பே இருந்தது. சிக்னலில் சரியான அட்மின் வசதி 2020ல்தான் வந்தது. காரணம், ஒரு குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே சிக்னல் சர்வருக்குத் தெரியக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அதற்காகப் புதிய கணித முறையே உருவாக்க வேண்டியிருந்தது. அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் இருக்கிறது. 2016ல் அமெரிக்காவில் கோர்ட் மூலமாக ஒருவரைப் பற்றிய விவரம் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள் என்று இரண்டைத்தான் அவர்களால் கொடுக்க முடிந்தது. வேறு எதுவும் கையில் இல்லை.

டெலிகிராம் இதற்கு நேர் எதிர். காட்பாடி பக்கம் காலேஜ் பிள்ளைகளைக் கேட்டால் 'அதுதாண்ணா இருக்கிறதிலேயே சேஃப்' என்பார்கள். ஸ்டிக்கர் பிரமாதம், பெரிய ஃபைல் போகும், புது ஃபோனில் நுழைந்ததும் பழைய சாட் எல்லாம் வந்து நிற்கும். ஆனால் அதன் சாதாரண சாட்டில் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன், அதாவது அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் மட்டுமே திறக்க முடிகிற பூட்டு, கிடையாது. சீக்ரெட் சாட் என்று தனியாகத் தொடங்கினால்தான் உண்டு, குரூப்புக்கு அதுவும் இல்லை. பழைய சாட் அத்தனை சுலபமாக வருகிறது என்றால் அது அவர்கள் சர்வரில், அவர்களால் திறக்கக்கூடிய நிலையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். 2025 செப்டம்பரில் ஜோஹோவின் அரட்டை ஆப்புக்கு ஜனம் ஓடியபோதும் இதைத்தான் சொன்னேன். நம் ஊர்க்காரர்கள் செய்தது, மெதுவான நெட்டிலும் ஓடுகிறது, சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் வாய்ஸ் கால், வீடியோ காலுக்கு இருந்த எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் சாதாரண எழுத்துச் செய்திக்கு இல்லை. சிக்னல் என்கிரிப்ஷனை வைத்துக்கொண்டு வசதியைத் தேடியது, இவர்கள் வசதியோடு தொடங்கினார்கள்.

நான் பயப்படுவது ஸ்டேட்டஸுக்கு. கணியம்பாடி, கம்மவான்பேட்டை பக்கம் வீட்டுக்கு ஒருவர் மிலிட்டரியில் இருப்பார். லீவு முடிந்து காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறுகிற போட்டோவை வீட்டுக்காரம்மா ஸ்டேட்டஸில் போடுவார். தகவல் கசியும் என்று 2020 ஜூலையில் ராணுவம் தன் ஆட்களை 89 ஆப்களை அழிக்கச் சொன்னது. பிரயோஜனம் என்ன? அவர் அழித்துவிட்டார், வீட்டில் இருப்பவர்கள் அழிக்கவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்கிரிப்ட் ஆகித்தான் போகிறது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாமாகப் போய் மாற்றாதவரை நம்பர் சேமித்து வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் போகிறது. அதில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் உண்டு, சீட்டு பிடிக்கிறவர் உண்டு, போன வருஷம் பைக் வாங்கிக்கொண்டு போனவர் உண்டு. சிக்னலும் 2022ல் ஸ்டோரி கொண்டுவந்தது. பிடிக்காதவர்கள் அதை அடியோடு அணைத்துவிடலாம். எல்லா விளையாட்டு அம்சத்துக்கும் அந்த அணைக்கும் பொத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

ஃபார்வர்ட் இன்னும் ஆபத்தானது. 2018 மே மாதம், பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த போளூர் பக்கத்தில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது என்ற ஆடியோவும் வீடியோவும் அந்த வாரங்களில் எங்கள் பக்கம் எல்லா ஃபோனிலும் சுற்றின. 'அனுப்பாதீங்க பா' என்று சொன்னால், 'பொய்யா இருந்தா போவுது, நிஜமா இருந்தா இன்னா பண்றது?' என்பார்கள். விரலை ஒரு தட்டு தட்டினால் போய்விடும் என்கிற வசதி அந்தப் பேச்சுக்குக் கால் முளைக்க வைத்தது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாது என்று வைத்தது. 2020 ஏப்ரலில், பலமுறை சுற்றி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும் என்று இறுக்கியது. செய்தியைத் திறந்து படிக்காமலே இதைச் செய்ய முடிந்தது. எத்தனை முறை சுற்றியது என்கிற எண்ணும் செய்தியோடு என்கிரிப்ட் ஆகியே போகிறது. முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்று 2021ல் மத்திய அரசு விதி போட்டது, வாட்ஸ்அப் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போனது. போளூரை நினைத்தால் அரசாங்கம் கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் முதலில் தோன்றும். ஆனால் ஒருவரைக் கண்டுபிடிப்பதற்காக எல்லோருடைய செய்தியிலும் அடையாளம் போட்டு வைக்க வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை. வசதியைக் கொஞ்சம் குறைத்தது போதும்.

இத்தனைக்கும் நடுவில் ஜெராக்ஸ் கடையை யாரும் பேசுவதில்லை. ஐடா ஸ்கடர் ரோட்டில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட், பழைய பிரிஸ்கிரிப்ஷன் எல்லாவற்றையும் ஏதோ ஒரு கடையின் வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். உலகத்தரமான என்கிரிப்ஷன் அந்த ரிப்போர்ட்டை ஒரு எழுத்து கசியாமல் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட் ஃபோல்டர் வரை கொண்டுபோய் விடுகிறது! 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்து அனுப்பினாலும் டவுன்லோட் ஆனது மறையாது. இதற்கு எந்த ஆப்பிலும் பொத்தான் இல்லை. பிரிண்ட் வந்ததும் 'அண்ணா, டெலிட் பண்ணிடுங்க' என்று கேட்டு, எதிரில் நின்று பார்த்துவிட்டு நகருங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ரகசியமும் வசதியும் நிஜமாக முட்டிக்கொள்கிற இடம் என்றால் பேக்கப், அதாவது சாட்டுக்கு நகல் எடுத்து வைப்பதுதான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது தண்ணீர் குடித்த ஃபோன்கள் வந்து குவிந்தன. ஒரு அம்மா, 'போட்டோ வராட்டி வுடு தம்பி, அவர் பேசனது மட்டும் வேணும்' என்றார். வீட்டுக்காரர் தவறி சில மாதம் ஆகியிருந்தது. போர்டு உயிர் பிழைக்கவில்லை. நல்லவேளை, வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில் இருந்தது, கூடுதல் பாஸ்வேர்டு எதுவும் போட்டிருக்கவில்லை. அந்த நம்பருக்கு வேறு சிம் வாங்கி புது ஃபோனில் போட்டதும் வாய்ஸ் எல்லாம் வந்துவிட்டது. வாட்ஸ்அப் பேக்கப்பையும் எண்ட் டு எண்ட் என்கிரிப்ட் செய்துகொள்ளும் வசதி அதற்கு முந்தைய மாதம்தான் வந்திருந்தது. பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவர்கள் அதைக் கட்டாயம் போட வேண்டும் என்பார்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர் அதைப் போட்டு, பாஸ்வேர்டையும் மறந்திருந்தால் அந்தக் குரல் போயே போயிருக்கும். சிக்னலில் அப்போது ஆண்ட்ராய்டில் ஃபோனுக்குள்ளேயே சேமிக்கிற பேக்கப்தான், அதைத் திறக்கவும் 30 இலக்க எண் வேண்டும். 2025ல்தான் ஆன்லைன் பேக்கப் வந்தது, அதற்கு 64 எழுத்தில் ஒரு சாவி. தொலைத்தால் சிக்னலாலும் மீட்டுத்தர முடியாது.

எனவே உங்களுக்கு நான் சொல்வது இது. குடும்பம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இருங்கள். சிக்னலும் போட்டு, தினமும் பேசுகிற இரண்டு மூன்று பேரை இழுத்து வாருங்கள், ஸ்டிக்கர் அனுப்பியே இழுங்கள். லாக் ஸ்கிரீனில் செய்தி தெரியாமல் பெயர் மட்டும் வரும்படி வையுங்கள். உங்கள் கணக்கோடு இணைத்த கருவிகளைக் காட்டும் லிங்க்ட் டிவைசஸ் பட்டியலைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் லாகவுட் செய்யுங்கள். பேக்கப் சாவியைப் பேப்பரில் எழுதி, பத்திரம், ரேஷன் கார்டு வைக்கிற கவரில் போட்டு, வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள். சர்வீஸ் கடையில் ஃபோனைக் கொடுக்கும்போது அந்தப் பேப்பரைக் கூடவே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள், என் கடையாக இருந்தாலும்.