தச்சரைக் கேளுங்கள்

வாசகி, சுங்கை சிப்புட்: தோட்டத்தில் வெட்டிப் போட்ட பால்மரத்தை (ரப்பர் மரத்தை) அறுத்து சமையலறை அலமாரி செய்யலாமா ஐயா?

செய்யலாம் அம்மா, ஆனால் பச்சை மரம் வேண்டாம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். நான் செய்த முதல் அலமாரி அப்படித்தான் போனது. தினமும் தட்டுக்கடியில் வண்டு துளைத்த மரத்தூள் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும். கடலை மாவு என்று நினைத்தே என் மனைவி ஒரு மாதம் துடைத்தாள்.

வண்டு அரிக்காமலிருக்க போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகையா என்று மரக்கடையில் கேட்டு வாங்குங்கள். சிங்க் அடியில் சிப் போர்டு (மரச்சில்லுகளை ஒட்டி அழுத்திய பலகை) வைக்காதீர்கள், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். அங்கே தண்ணீர் தாங்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்தான் சரி. அப்புறம், அடிப்பலகையைத் தரையிலிருந்து 4 அங்குலம் தூக்கி வையுங்கள். வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிறவர்கள்தானே நாம்?