குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

ஒன்றரை வயது மகளுக்கு நேற்றிலிருந்து 101 டிகிரி காய்ச்சல் இருப்பதாகவும், மூன்று நாள் பார்க்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதாகவும் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. இதே தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் எழுந்து விளையாடி, பால் குடித்து, வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிற குழந்தையை, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து ஓரிரு நாள் வீட்டிலேயே கவனிக்கலாம். மூன்று மாதம் நிரம்பாத பச்சைக்குழந்தைக்கு இது பொருந்தாது, 100.4 டிகிரி வந்தாலே அப்போதே கிளம்பிவிட வேண்டும்.

பெற்றோர் அதிகம் தவறவிடுவது மூச்சைத்தான். ஒருமுறை தடுப்பூசி நாளன்று எட்டு மாதக் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். உடம்பு அவ்வளவாகச் சுடவில்லை. வெறும் சளிதான், வசம்பு உரசிக் கொடுத்தோம் என்றார் பாட்டி. சட்டையை விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்து விழுந்து எழுந்தது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணினேன்: 64. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 என்பதே அபாயக் கோடு. 108ஐ அழைத்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். நிமோனியா என்றார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், நெற்றியைத் தொட்டுப் பார்க்கத்தானே நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலும், எழுப்பினால் கண் திறக்காமல் துவண்டு கிடந்தாலும், கண் குழிந்து ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் வராவிட்டாலும் உடனே கிளம்புங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். வாயில் கரண்டி வைப்பதும், மாந்தம் என்று சூடு போடுவதும் குழந்தைக்குக் கேடு.

உங்கள் வீட்டார் சொல்லும் மூன்றாம் நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டெங்கு காய்ச்சலாக இருந்தால், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டு, நாம் நிம்மதி அடைகிற அந்த நேரத்தில்தான் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல் என்று ஆபத்து தலைகாட்டும்.

வத்தல்மலை போன்ற இடங்களில் இருப்பவர்கள் இருட்டுவதற்கு முன்பே முடிவெடுப்பது நல்லது. நீங்கள் இன்று மாலை மகள் தூங்கும்போது சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அவள் வயதுக்கு 40ஐத் தொட்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.