தட்டில் ஒன்றுமில்லை, சூடம் எங்கே?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பருப்பொருள் பற்றிப் பாடம் நடக்கிறது. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் தட்டைப் பார்த்துவிட்டு, "சூடம் பொருள் என்றால் மிச்சம் இருக்கணுமே?" என்கிறாள். அப்புறம் தீ, வாசனை, கரண்ட் என்று அடுக்குகிறாள். என்ன சொல்வது? (ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: நல்ல இடத்தில்தான் பிடித்திருக்கிறாள். பருப்பொருளா இல்லையா என்று பார்க்க இரண்டே கேள்விகள் போதும். அது இடத்தை அடைக்கிறதா? அதற்கு எடை உண்டா? கண்ணுக்குத் தெரிகிறதா என்பது கணக்கிலேயே இல்லை. பிள்ளைகள் குழம்புவது இங்கேதான்.

கரண்ட் போகும் நாட்களுக்காக வீட்டில் 9 கிலோ கேஸ் சிலிண்டர் வைத்திருப்பீர்கள். வெறும் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். நிரப்பி வந்ததும் தராசில் வைத்து, அந்த எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவது கேஸின் எடை. உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருப்பதுதான் அடுப்பில் வாயுவாக வருகிறது. கடையில் நாம் காசு கொடுப்பதே அந்த எடைக்குத்தானே! காற்றுக்கும் எடை உண்டு. டர்பன் கடற்கரையில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். உயரத்தில் இருக்கும் ஜோகானஸ்பர்கில் ஏறக்குறைய 1 கிராம்தான்.

சரி, சூடத்துக்கு வருவோம். அது காணாமல் போகவில்லை, காற்றோடு சேர்ந்துகொண்டது. ஒரு கிராம் சூடம் முழுதாக எரிய, காற்றிலிருந்து சுமார் 2.8 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. முடிவில் 2.9 கிராம் கரியமில வாயுவும் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியும் பூசையறையில் பரவுகின்றன. தட்டில் ஒன்றுமில்லை, ஆனால் மொத்த எடை கிட்டத்தட்ட நாலு மடங்கு! நிஜத்தில் சூடம் அத்தனை சுத்தமாக எரிவதில்லை. சுடருக்கு மேலே ஒரு எவர்சில்வர் கரண்டியைப் பிடித்தால் கறுப்பாக மை படியும். அது எரியாமல் தப்பிய கரி. புகையில் மிதப்பதும் இத்தகைய நுண்துகள்தான்.

வாசனையும் பொருள்தான். மூக்குக்கு வருவது சூடத்தின் மூலக்கூறுகளே. ஒரு கட்டியைத் திறந்தபடி வைத்து, நகை நிறுக்கும் சின்னத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பற்றவைக்காமலே குறைந்துகொண்டு வரும். திடப்பொருள் உருகாமல் நேராக ஆவியாகிறது. இதைப் பதங்கமாதல் என்பார்கள்.

வெளிச்சம், சூடு, நிழல், மணியோசை இவை எதுவும் பொருள் அல்ல. கரண்ட் மட்டும் கொஞ்சம் வம்பு. கம்பியில் நகரும் எலக்ட்ரானுக்கு நிறை உண்டு, ஆனால் கரண்ட் என்பது அந்த ஓட்டத்தின் பெயர். போனை முழுக்க சார்ஜ் ஏற்றினாலும் தராசு அசையாது.

தேர்வில் "தீ" என்று மொட்டையாகக் கேட்டால் ஒரே சொல்லில் பதில் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். சுடரில் இருக்கும் சூடான வாயுவும் கரித்துகளும் பொருள், அதிலிருந்து வரும் ஒளியும் வெப்பமும் ஆற்றல் என்று பிரித்து எழுதட்டும்.