கையெழுத்திட நீங்கள் யார் என்று கேட்டால்

கேள்வி: எனக்கு வயது 68, என் இணையருக்கு 72. இருவரும் ஆண்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். அண்மையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. நல்ல நினைவோடுதான் இருந்தார். ஆனாலும் மருத்துவமனையில் ஒப்புதல் படிவத்தில் நான் கையெழுத்திடக் கூடாது, ரத்த உறவு வேண்டும் என்றார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத அவருடைய அண்ணன் மகனை வரவழைத்தார்கள். இனி இப்படி நேராமலிருக்க என்ன செய்வது?

பதில்: ஐயா, உங்களுக்கு நடந்தது அநியாயம். உங்கள் இணையர் நினைவோடு இருந்தார் என்கிறீர்கள். அப்படியானால் தேவைப்பட்டது அவருடைய கையெழுத்து மட்டுமே. நோயாளி தற்காலிகமாக மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் பெற்ற ஒப்புதல்கூடச் செல்லாது என்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொல்லிவிட்டது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் மருத்துவர் யாருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ரத்த உறவைக் கேட்டது மருத்துவமனையின் வழக்கமே தவிர, சட்டமல்ல.

அவர் முடிவெடுக்கும் நிலையை இழந்தால்தான் உண்மையான சிக்கல். தன்பாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. ஆகவே எழுத்தில் இருப்பதுதான் உங்களைக் காக்கும். பலர் பவர் பத்திரம் எழுதி நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காது.

உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதற்கு, முன்கூட்டிய மருத்துவ உத்தரவு எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் செய்த திருத்தத்துக்குப் பின் அது எளிதாகிவிட்டது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று போதும். அதில் தன் சார்பில் முடிவு சொல்பவராக உங்கள் பெயரை அவர் குறிப்பிடட்டும். மனநலச் சிகிச்சைக்கு இன்னும் எளிது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். அந்த நியமனம் உறவினருக்கு முன்னுரிமை பெறும். பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெறலாம் என்கிறது. உறவினர் வந்து நின்றால் அது உதவாது என்பதே என் வருத்தம். வீடும் சேமிப்பும் உங்களுக்குச் சேர வேண்டுமானால் உயில் கட்டாயம்.

இவற்றை எழுதும் நாளிலேயே, அவர் தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்று ஒரு மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். பின்னாளில் அண்ணன் மகன் வழக்குத் தொடுத்தால் முதலில் கேள்வி எழுப்புவது அதைப் பற்றித்தான்.